முகத்தோல் முதுமைக்கான அறுவையற்ற சிகிச்சைகள்

முகத்தோல் முதுமைக்கான அறுவையற்ற சிகிச்சைகள் என்பன, வயதாலும் வெயிலாலும் முகத்தில் தோன்றும் சுருக்கம், கரும்படலம், சொரசொரப்பு, தளர்ச்சி ஆகியவற்றை அறுவை செய்யாமல் குறைப்பதற்குக் கையாளப்படும் மருத்துவ முறைகள் ஆகும். வெயில் காப்புக் களிம்புகள், பூசு மருந்துகள், வேதித் தோலுரிப்பு, லேசர், போட்டுலினம் நச்சு ஊசி, நிரப்பி ஊசி ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இம்முறைகள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோல் உடையவர்களிடம் ஆராயப்பட்டு உருவானவை. பழுப்பு நிறத் தோலில் அவற்றின் பயனும் பக்க விளைவும் வேறுபடுகின்றன. எனவே தமிழ்நாட்டில் வாழ்வோர் இவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது தோலின் நிறம், உள்ளூர் வெயில், சிகிச்சை அளிப்பவரின் தகுதி ஆகிய மூன்றையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. இக்கட்டுரை திருவண்ணாமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகின்றது.

தோல் முதிர்வதற்கான காரணங்கள்

தோல் மேற்றோல், உட்டோல் என இரு படலங்களைக் கொண்டது. உட்டோலில் உள்ள கொலாசன் என்னும் புரத இழைகள் தோலுக்கு உறுதியையும், எலாஸ்டின் இழைகள் மீள்தன்மையையும் தருகின்றன. வளர்ந்தோர் பருவத்தில் கொலாசன் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு வீதம் குறைந்து வருகின்றது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் சில ஆண்டுகளில் இக்குறைவு விரைவுபடுகின்றது. மரபும் வயதும் காரணமாக நிகழும் இம்மாற்றம் அக முதுமை எனப்படும்.

வெயில், புகைபிடித்தல், காற்று மாசு முதலியவற்றால் நிகழ்வது புற முதுமை எனப்படும். இவற்றுள் வெயிலின் பங்கே பெரிது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா-பி கதிர்கள் மேற்றோலைத் தாக்கி எரிச்சலையும் கருமையையும் உண்டாக்குகின்றன. புற ஊதா-ஏ கதிர்கள் கண்ணாடியையும் ஊடுருவி உட்டோல் வரை செல்கின்றன. புற ஊதாக் கதிர் பட்ட தோலில் கொலாசனைச் சிதைக்கும் நொதிகள் மிகுதியாகச் சுரக்கின்றன என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

புற முதுமையை ஒரே முகத்தில் காட்டிய நிகழ்வு ஒன்று 2012ஆம் ஆண்டில் மருத்துவ இதழ் ஒன்றில் ஒளிப்படத்துடன் வெளியானது. 28 ஆண்டுகள் சரக்குந்து ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகத்தில், சன்னல் பக்கமாக இருந்த இடப்பக்கம் மட்டும் ஆழ்ந்த சுருக்கங்களுடன் காணப்பட்டது. வயதும் மரபும் இரு பக்கத்திற்கும் ஒன்றே என்பதால், இவ்வேறுபாடு கண்ணாடி வழியே வந்த கதிர்களால் விளைந்தது எனக் கொள்ளப்பட்டது. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் அமைந்த இந்திய வண்டிகளில் வலக்கன்னமே அதிக வெயில் பெறும்.

திருவண்ணாமலையின் வெயிலும் தோல் வகைகளும்

திருவண்ணாமலை ஏறத்தாழ 12.2 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. இதனால் ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகத்து மாத மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. சூரியன் உச்சியை நெருங்கும்தோறும் அதன் கதிர்கள் கடக்க வேண்டிய காற்றுப் படலத்தின் தடிமன் குறைகின்றது. ஆகவே தரையை அடையும் புற ஊதாக் கதிர் மிகுகின்றது. ஒருவரின் நிழல் அவரது உயரத்தை விடக் குறுகியிருக்கும் நேரம் கதிர்கள் கடுமையாக உள்ள நேரம் என்பது எளிய அடையாளம் ஆகும்.

அருணாசல மலையைச் சுற்றியுள்ள சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து கடக்க மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகின்றது. பௌர்ணமி இரவில் நடப்போருக்கு வெயில் ஒரு பொருட்டன்று. பகலில் நடப்போர், பாதையோரம் கடை விரித்திருப்போர், சாதுக்கள், மாவட்டத்தின் நிலக்கடலை வயல்களிலும் நெல் வயல்களிலும் உழைப்போர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரின் முகம் ஆண்டு முழுவதும் கதிர்களை ஏற்கின்றது.

தோல் வெயிலுக்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றுகின்றது என்பதை வைத்து அதனை வகைப்படுத்தும் முறையை அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமசு பிட்சுபாட்ரிக் 1975ஆம் ஆண்டில் உருவாக்கினார். பழுப்பு, கருப்புத் தோல்களுக்கான வகைகள் பின்னரே அதில் சேர்க்கப்பட்டன. இம்முறையில் தோல் ஆறு வகைப்படும். முதல் வகை எளிதில் சிவந்து எரியும், கருக்காது. ஆறாம் வகை அரிதாகவே எரியும், ஆழ்ந்த கருநிறம் கொண்டது. தமிழர்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்குவர். ஆறாம் வகையினரும் உள்ளனர்.

ஆன்மிக நாட்டத்தால் திருவண்ணாமலைக்கு வந்து தங்கும் ஐரோப்பியர் பலர் முதல் இரு வகையினர். ஒரே வெயிலில் இவ்விரு சாராரின் தோலும் வெவ்வேறு வகையில் முதிர்கின்றது. வெளிர்நிறத் தோலில் சுருக்கம் முன்னதாகத் தோன்றும். பழுப்புத் தோலில் மெலனின் ஓரளவு காப்பளிப்பதால் சுருக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிந்தி வரக்கூடும்; ஆனால் மங்கு, கரும்புள்ளி, சீரற்ற நிறம் ஆகியவை முந்திக்கொள்ளும். சிறு காயமோ எரிச்சலோ ஏற்பட்டாலும், அவ்விடம் ஆறிய பின் பல மாதங்கள் கருத்திருப்பதும் பழுப்புத் தோலின் இயல்பு. இது அழற்சிக்குப் பிந்திய கருமை எனப்படும். சிகிச்சைத் தேர்வில் இவ்வியல்பே முதன்மையான வரம்பாக அமைகின்றது.

சிகிச்சை வகைகள்

1. வெயில் காப்பு

பிற முறைகள் அனைத்திற்கும் அடிப்படை இதுவே. ஆத்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013ஆம் ஆண்டில் வெளியானது. வெயில் காப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களின் தோலில் முதுமைக் குறிகள், விரும்பியபோது மட்டும் பூசியவர்களை விட 24 விழுக்காடு குறைவாக இருந்தன. நாலரை ஆண்டு முடிவில் நாள்தோறும் பூசியவர்களிடம் முதுமைக் குறிகள் கண்டறியத்தக்க அளவில் கூடவில்லை. இதில் பங்கேற்றோர் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலினர் என்பது குறிப்பிடத்தக்கது.

களிம்பின் மீதுள்ள எஸ்.பி.எப். எண் புற ஊதா-பி கதிர்களுக்கு எதிரான காப்பைக் குறிக்கும். எஸ்.பி.எப். 30 அக்கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டையும், எஸ்.பி.எப். 50 சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. சோதனைச்சாலையில் இவ்வெண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளக்கப்படுகின்றது. அவ்வளவு தடிமனாகப் பலரும் பூசுவதில்லை; வியர்வையிலும் களிம்பு கரைகின்றது. எனவே வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை மீண்டும் பூசுமாறு அறிவுறுத்தப்படுகின்றது. பழுப்புத் தோலில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் மங்கை மிகுவிப்பதால், அவ்வொளியைத் தடுக்கும் இரும்பு ஆக்சைடு கலந்த நிறக் களிம்புகள் மங்கு உடையோருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. குடை, அகன்ற விளிம்புத் தொப்பி, முகத்தை மறைக்கும் துண்டு அல்லது முந்தானை ஆகியவை செலவு குறைந்த காப்புகள். இவை வியர்வையில் கரைவதில்லை.

2. பூசு மருந்துகள்

உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து பெறப்படும் ரெட்டினாய்டுகள் இவ்வகையில் மிகுந்த சான்று உடையவை. இவற்றுள் டிரெட்டினாயின் என்னும் மருந்து வெயிலால் சேதமுற்ற தோலைச் சீராக்குவதை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட்டு கிளிக்மன் குழுவினர் 1986ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். இம்மருந்து செல்களின் கருவிலுள்ள ஏற்பிகளுடன் இணைந்து, கொலாசனைச் சிதைக்கும் நொதிகளைக் குறைத்துப் புதிய கொலாசன் உருவாகத் துணைபுரிகின்றது. பயன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் தோல் உலர்ந்து, சிவந்து, உரிவதுண்டு. பழுப்புத் தோலில் இவ்வெரிச்சலே கருமையாக மாறக்கூடும் என்பதால், குறைந்த செறிவில், இரவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்குவது வழக்கம். கருவுற்றோரும் கருவுறத் திட்டமிடுவோரும் இதனைத் தவிர்க்க வேண்டும்.

உயிர்ச்சத்து சி, நியாசினமைடு, அசெலாயிக் அமிலம் ஆகியவையும் நிறச் சீர்மைக்குப் பயன்படுகின்றன. இவற்றின் விளைவு மென்மையானது.

3. வேதித் தோலுரிப்பு

கெமிக்கல் பீல் என வழங்கும் இம்முறையில், கிளைக்காலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் போன்றவற்றைப் பூசி மேற்றோலின் மேலடுக்கு உரிக்கப்படுகின்றது. மேலோட்டமான உரிப்பு, சில வார இடைவெளியில் பல முறை செய்யப்படும். பழுப்புத் தோலுக்கு ஏற்றது இதுவே. பீனால் கொண்டு செய்யும் ஆழ்ந்த உரிப்பு நிரந்தர வெளுப்பையும் தழும்பையும் உண்டாக்க வல்லது என்பதால் பழுப்புத் தோலில் தவிர்க்கப்படுகின்றது.

4. லேசரும் பிற கருவிகளும்

குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியைக் கொண்டு, சுற்றியுள்ள திசுக்களைப் பாதிக்காமல் குறிவைத்த பகுதியை மட்டும் சூடாக்கலாம் என்னும் கோட்பாட்டை 1983ஆம் ஆண்டில் ஆண்டர்சன், பாரிசு ஆகியோர் வெளியிட்டனர். மெலனினும் ஒளியை உறிஞ்சும் பொருளே. ஆதலால் மெலனின் மிகுந்த தோலில், குறிவைக்காத இடமும் சூடாகிப் புண்ணாகும் வாய்ப்புள்ளது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரின் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால் அது பழுப்புத் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. கார்பன் டை ஆக்சைடு லேசர் சுருக்கங்களுக்கு ஆற்றல் மிக்கது எனினும், பின்னர் கருமை தோன்றும் வாய்ப்பு கூடுதல். நுண்ணூசிகளால் தோலைத் துளைத்துக் கொலாசன் ஆக்கத்தைத் தூண்டும் முறையில் இவ்வாய்ப்பு குறைவு.

5. போட்டுலினம் நச்சு

கிளாசுட்ரிடியம் போட்டுலினம் என்னும் பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் இப்புரதம், நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுத்துத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துகின்றது. சான் பிரான்சிசுகோவின் கண் மருத்துவர் ஆலன் சுகாட்டு மாறுகண் சிகிச்சைக்காக இதனை உருவாக்கினார். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. கண் மருத்துவரான சீன் கருதர்சும் அவர் கணவரான தோல் மருத்துவர் அலசுடேர் கருதர்சும், புருவ இடைக் கோடுகள் இதனால் மறைவதை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தசை அசைவால் விழும் நெற்றிக் கோடுகளுக்கும் கண்ணோரக் கோடுகளுக்கும் இது ஏற்றது. பயன் மூன்று முதல் நான்கு மாதங்கள் நீடிக்கும். மங்கு, சொரசொரப்பு ஆகியவற்றுக்கு இது சிகிச்சை ஆகாது.

6. நிரப்பிகள்

பில்லர் எனப்படும் நிரப்பிகள், குழிந்த கன்னத்தையும் மூக்கோர மடிப்பையும் நிரப்ப ஊசி வழியே செலுத்தப்படும் கூழ்மங்கள் ஆகும். ஐயலுரோனிக் அமிலம் பரவலாகப் பயன்படுகின்றது. இவ்வகை நிரப்பிகள் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிலைக்கும். கூழ்மம் தவறுதலாகக் குருதிக் குழாயினுள் சென்றால் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வை இழப்பும் நேர்ந்துள்ளது. ஐயலுரோனிக் அமிலத்தைக் கரைக்கும் ஐயலுரோனிடேசு என்னும் நொதி கைவசம் இல்லாத இடத்தில் இந்த ஊசி போடப்படக் கூடாது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதற்படி நோயறிதல் ஆகும். முகத்தில் தோன்றும் கருமை எல்லாம் முதுமையால் வருவதன்று. நெற்றியோரத்திலும் கழுத்திலும் தடித்துக் கருக்கும் தோல், இன்சுலின் எதிர்ப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும். அதற்கு வேண்டியது குருதிச் சர்க்கரைச் சோதனையே அன்றிக் களிம்பு அன்று. குங்குமம், தலைமுடிச் சாயம், நறுமணப் பொருள் ஆகியவற்றின் ஒவ்வாமையாலும் கருமை படர்வதுண்டு. காரணமான பொருளை நிறுத்துவதே அதன் சிகிச்சை. வளர்ந்து வரும் கட்டி, ஆறாத புண், வடிவம் மாறும் மச்சம் ஆகியவற்றை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

காரணம் தெளிந்த பின், குறைக்கு ஏற்ற முறை பின்வருமாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றது.

மங்கும் சீரற்ற நிறமும்: வெயில் காப்பு, பூசு மருந்து, பின்னர் மேலோட்டமான தோலுரிப்பு.
நுண்சுருக்கமும் சொரசொரப்பும்: வெயில் காப்பு, ரெட்டினாய்டு, பின்னர் நுண்ணூசி அல்லது லேசர்.
முகபாவனையால் விழும் கோடுகள்: போட்டுலினம் நச்சு.
கன்னக் குழிவு, ஆழ்ந்த மடிப்பு: நிரப்பி.
மிகுந்த தளர்ச்சியும் தொங்கலும்: அறுவையற்ற முறைகளால் கிடைக்கும் பயன் சிறிதே.

மெதுவானதும் மென்மையானதுமான முறையை முதலில் முயன்று, போதாதபோது மட்டும் அடுத்ததற்குச் செல்வது பழுப்புத் தோலுக்குப் பொருந்தும் நெறியாகும். லேசர், தோலுரிப்பு ஆகியவற்றுக்குப் பின் சில வாரங்கள் வெயிலைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். வயலிலோ சாலையோரத்திலோ பகல் முழுதும் உழைப்பவரால் இது இயலாதெனில், அவருக்கு அச்சிகிச்சை நன்மையை விடத் தீமையே தரக்கூடும். தொழிலையும் அன்றாட வாழ்வையும் மருத்துவரிடம் முன்னதாகக் கூறுவது இதனால் இன்றியமையாதது. செலவைக் கணிக்கும்போது, ஒரு முறைக்கான கட்டணத்தை மட்டுமின்றி, ஓராண்டில் எத்தனை முறை திரும்பச் செய்ய வேண்டும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசும் வழக்கம் பரவலாக உள்ளது. எலுமிச்சை வகைகளில் உள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டவுடன் தோலைப் புண்ணாக்கிக் கருக்கச் செய்யும். எனவே இது தவிர்க்கத்தக்கது.

கடைக் களிம்புகளால் நேரும் கேடு

சிறு நகரங்களிலும் சிற்றூர்களிலும் முகத்தோலுக்குப் பெருங்கேடு விளைவிப்பவை முறையான சிகிச்சைகளை விட, மருத்துவரின் சீட்டின்றிக் கடையில் வாங்கும் களிம்புகளே எனலாம்.

மங்குக்காக ஐதரோகுயினோன், டிரெட்டினாயின், சுடீராய்டு ஆகிய மூன்றும் கலந்த மருந்தைக் கிளிக்மன் 1975ஆம் ஆண்டில் முன்வைத்தார். இத்தகைய மருந்துக்கு 2002ஆம் ஆண்டில் அமெரிக்கா அளித்த ஒப்புதல் எட்டு வாரப் பயன்பாட்டிற்கு மட்டுமே. இந்தியாவில் இதன் மாற்று வடிவங்கள் மருத்துவரின் கண்காணிப்பின்றி, முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்பாக மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பூசப்பட்டு வந்துள்ளன. முதல் சில வாரங்களில் முகம் பளபளக்கும். பின்னர் சுடீராய்டு கொலாசன் ஆக்கத்தைத் தடுப்பதால் தோல் மெலிந்து, நுண்குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியத் தொடங்கும். பருக்களும் முடி வளர்ச்சியும் தோன்றும். களிம்பை நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பெருகுவதால் மீண்டும் அதையே பூசும் நிலை உண்டாகும். இளமைக்காக வாங்கிய பொருள், முதுமையில் நிகழும் தோல் மெலிவை முன்கூட்டியே வரவழைத்து விடுகின்றது.

2011ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பன்மைய ஆய்வொன்றில், முகத்தோல் குறையுடன் வந்த 2,926 நோயாளிகளில் 433 பேர் முகத்தில் சுடீராய்டு பூசி வந்தமை தெரியவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதனைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு 14 சுடீராய்டுகளின் பூசு வடிவங்களை மருத்துவர் சீட்டு கட்டாயமான எச் அட்டவணையின் கீழ் கொண்டுவந்தது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், புளூசினோலோன் ஆகிய பெயர்களுள் ஒன்று குழாயின் மீது காணப்பட்டால் அது சுடீராய்டுக் களிம்பாகும். நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் விடுவதே நன்று.

இரண்டாவது கேடு பாதரசம். இது மெலனினை உருவாக்கும் டைரோசினேசு நொதியைத் தடுத்து முகத்தை வெளுக்கச் செய்கின்றது. தோல் வழியே உடலில் சேர்ந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகின்றது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களிடம் சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டமை 2023ஆம் ஆண்டில் வெளிச்சத்திற்கு வந்தது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018ஆம் ஆண்டில் ஏற்புறுதி செய்தது. பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டுடன் ஒழிப்பது என அவ்வுடன்படிக்கை நாடுகள் 2023ஆம் ஆண்டில் முடிவு செய்தன. தயாரிப்பாளர் முகவரி, உட்பொருள் பட்டியல், தொகுதி எண் ஆகியவை இல்லாத களிம்புகள் ஐயத்திற்குரியவை.

முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறிச் சிரை வழியே செலுத்தப்படும் குளூட்டாதயோன் ஊசிக்குப் போதிய சான்று இல்லை. பிலிப்பைன்சு அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதன் தீங்குகள் குறித்து எச்சரித்துள்ளது.

சிகிச்சை பெறும் இடம்

தோல் மருத்துவம் பயின்றவர்கள் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பின் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.டி.வி.எல். தகுதி பெற்றவர்கள். அழகு நிலையங்கள் வழங்கும் குறுகிய காலச் சான்றிதழ் இவற்றுக்கு ஈடாகாது. மருத்துவர் ஒருவர் பதிவு பெற்றவரா என்பதைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் அறியலாம். ஊசி, லேசர், தோலுரிப்பு ஆகியவற்றைச் செய்பவர் யார், இதே நிறத் தோலில் அவருக்குப் பழக்கம் உண்டா, தீய விளைவு ஏற்பட்டால் என்ன செய்யப்படும் என்பவை முன்னதாகக் கேட்க வேண்டிய வினாக்கள். செலுத்தப்படும் மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்வது பிற்காலச் சிகிச்சைக்குப் பயன்படும்.

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மங்கு, ஒவ்வாமை, சுடீராய்டால் சேதமுற்ற முகம் ஆகியவை அழகுக் குறைகள் மட்டும் அல்ல. தோல் நோய்களே ஆதலால், இவற்றுக்கு அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகலாம். சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில் சிப்மர் நிறுவனமும் அமைந்துள்ளன. முதுமைக்கான அழகு சிகிச்சைகளுக்கு அவசரம் ஏதும் இல்லை. நோயறிதலுக்கும் இரண்டாவது மருத்துவரின் கருத்துக்கும் காலம் எடுத்துக்கொள்வதால் இழப்பு ஏற்படாது. அக்காலம் முழுதும் வெயில் காப்பைத் தொடர்வது எச்சிகிச்சையைப் பின்னர் தேர்ந்தெடுத்தாலும் அதன் பயனைக் கூட்டும்.